கட்டணமும் மீளளிப்பும்: சப்பிரகமுவத் தோட்டங்களின் கல்விக் கணக்கு

எமது சக ஆசிரியை ஒருவரிடம் ஒரு பழைய பற்றுச்சீட்டு இருக்கிறது. பட்டதாரி ஆசிரியர்களுக்கெனப் பாடசாலை விடுமுறை நாட்களில் நடத்தப்படும் மேற்படிப்பு ஒன்றுக்காக, 2017-ஆம் ஆண்டு ஏப்ரலில் அவர் கட்டிய போதனைக் கட்டணத்தின் சீட்டு அது. வகுப்புகள் ஆகஸ்ட் விடுமுறையில் தொடங்கவிருந்தன. தொகை அவரது இரண்டு மாதச் சம்பளத்துக்குக் கிட்டியது. தாயாரின் சங்கிலியை அடகு வைத்தே அதைக் கட்டினார். அந்தத் தாயார் கேகாலைப் பக்கத்து இறப்பர்த் தோட்டமொன்றில் முப்பது ஆண்டுக்கு மேல் பால் வெட்டியவர். அக்குடும்பத்தில் பல்கலைக்கழக வாயிலை மிதித்த முதற்பிள்ளை நம் ஆசிரியை.

மே மாத இறுதியில் இரத்தினபுரியில் பெருவெள்ளம் வந்தது. களுகங்கை கரை கடந்தது, மலைச்சரிவுகள் பெயர்ந்தன. ஆசிரியை குடியிருந்த வாடகை வீட்டில் இடுப்பளவுக்கு நீர் நின்றது. புத்தகங்களும் துணிமணிகளும் போயின. வீட்டை மீண்டும் ஒழுங்கு செய்யவே கையிருப்பு போதவில்லை. ஆகவே படிப்பைக் கைவிடுவதாகவும், கட்டிய பணத்தைத் திருப்பித் தருமாறும் அவர் கடிதம் எழுதினார். பதில் வந்தது. பதிவுக் கட்டணம் எந்நிலையிலும் மீளளிக்கப்படமாட்டாது. போதனைக் கட்டணத்தை மீளப்பெற விரும்புவோர் பணம் கட்டிய இரண்டு வாரத்துக்குள் விண்ணப்பித்திருக்க வேண்டும். வெள்ளம் அந்த இரண்டு வாரத்துக்குள் வரவில்லை. வகுப்போ இன்னும் தொடங்கவேயில்லை. ஒரு மணிநேரப் போதனைகூடப் பெறாமல் முழுக் கட்டணத்தையும் இழந்தார் அவர்.

அந்த நிறுவனத்தின் பெயர் இங்கு வேண்டியதில்லை. இது ஒரு நிறுவனத்தின் குற்றமன்று. பல இடங்களிலும் நிலவும் ஒரு வழக்கம். ஆயினும் அந்தப் பற்றுச்சீட்டைக் கண்ட நாள் முதல் ஒரு கேள்வி நம்மை விட்டகலவில்லை. ஒருவர் ஒன்றுக்காகப் பணம் கட்டி, அதைப் பெறாமல் போனால், அந்தப் பணம் யாருடையது? இக்கேள்வியைக் கையிலேந்திக்கொண்டு சப்பிரகமுவத் தோட்டங்களின் கல்வி வரலாற்றைத் திரும்பிப் பார்த்தால், நம் ஆசிரியையின் சீட்டு மிக நீண்டதொரு கணக்கின் கடைசி வரி என்பது புலப்படும்.

முதலில் மீளளிப்பு என்னும் நெறியைச் சிறிது நோக்குவோம். இந்தியாவின் பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் இதுகுறித்து ஓர் அறிவித்தல் வெளியிட்டது. சேர்க்கைக்கு விதிக்கப்பட்ட இறுதி நாளுக்குப் பதினைந்து நாளோ அதற்கு மேலோ முன்னதாக விலகும் மாணவருக்கு, சிறியதொரு நடைமுறைச் செலவைக் கழித்து, முழுக் கட்டணமும் திரும்ப வேண்டும். இறுதி நாளுக்கு முந்திய பதினைந்து நாட்களுக்குள் விலகினால் 90 வீதம். இறுதி நாள் கழிந்து 15 நாள் வரை 80 வீதம். அதன்பின் 30 நாள் வரை 50 வீதம். அதற்கும் பிந்தினால் ஒன்றுமில்லை. இந்த அளவுகள் போதுமா என்று வாதிடலாம். ஆனால் அவற்றின் அடியில் ஒரு நியாயம் தெளிவாக நிற்கிறது. கட்டணம் என்பது நிறுவனத்துக்கு அளித்த காணிக்கையன்று; பெறவிருக்கும் கல்விக்கு முன்கூட்டிக் கொடுத்த ஈடு. கல்வி கிடைக்காவிடின் அந்த ஈடு கொடுத்தவருக்கே உரியது. இதை மனத்திற்கொண்டு பின்னோக்கிச் செல்வோம்.

கோப்பியும், பின்னர் தேயிலையும் இறப்பரும் இரத்தினபுரி, கேகாலை மலைச்சரிவுகளை மூடியபோது, அவற்றுக்கு உழைக்கத் தமிழகத்துக் கிராமங்களிலிருந்து மக்கள் கொண்டுவரப்பட்டனர். அவர்கள் கடனோடு வந்தனர். வழிச்செலவுக்கும் உணவுக்கும் கங்காணி கொடுத்த முன்பணம் அவர்கள் பெயரில் பற்றெழுதப்பட்டது. ஒரு தோட்டத்தை விட்டு மறுதோட்டம் போக வேண்டுமாயின் ‘துண்டு’ வேண்டும். இன்ன தொகைக் கடனைத் தீர்த்தால் இந்த ஆளை விடுவிப்போம் என்று எழுதிய சீட்டே அது. அதைச் சட்டம் ஒழித்தது 1921-இல்தான். நம் மக்கள் வாழ்வில் முதலாவதாக வந்த எழுத்து அரிச்சுவடியன்று, கடன்சீட்டு என்று சொன்னால் அது மிகையாகாது. எழுத்தறியாதவன் அந்தச் சீட்டில் எழுதியிருந்த தொகை சரியோ பிழையோ என்று பார்க்க இயலுமா? ஆகவே அந்நாளைய தோட்டத்தில் எழுத்தறியாமை என்பது வெறும் குறைபாடு மட்டுமன்று. யாரோ ஒருவருக்கு இலாபமும் ஆகும்.

ஆயினும் மக்கள் எழுத்தை நாடாமல் இருக்கவில்லை. லயன் அறையின் முன்வாசலில், எழுதப்படிக்கத் தெரிந்த ஒருவர் மாலை வேளையில் பிள்ளைகளைக் கூட்டிவைத்துச் சொல்லிக்கொடுத்த ‘லயன் பள்ளிக்கூடங்கள்’ இருந்தன. பெற்றோர் தம்மால் இயன்றதைக் கொடுத்தனர். 1854-இல் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷன் போன்ற கிறித்துவ அமைப்புகளும் தோட்டங்களில் பள்ளிகள் நடத்தின. தோட்டத்துப் பிள்ளையின் படிப்புக்கு முதற்கட்டணம் கட்டியவர் துரையுமல்லர், அரசாங்கமுமன்று, பிள்ளையின் பெற்றோரே.

சட்டம் தோட்டப் பிள்ளையை நினைத்தது 1907-இல். அவ்வாண்டின் 8-ஆம் இலக்கக் கிராமப் பாடசாலைகள் சட்டம், தோட்டத்துத் தொழிலாளரின் ஆறு முதல் பத்து வயது வரையான பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளிப்பதும், அதற்கு ஏற்றதொரு வகுப்பறையை ஒதுக்கிப் பேணுவதும் தோட்டத்துரையின் கடமை என்று விதித்தது. 1920-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் அக்கடமையை மேலும் வலியுறுத்தியது. பதிவு பெற்ற தோட்டப் பாடசாலைகள் அரசின் உதவிநன்கொடை பெற்றன. ஆனால் அச்சட்டத்தின் சொற்களைச் சற்று ஊன்றிப் படியுங்கள். பத்து வயதோடு கல்வி முடிகிறது. ஏன் பத்து? பத்து வயதுப் பிள்ளையைக் கொழுந்து மலைக்கும் இறப்பர்க் காட்டுக்கும் அனுப்பலாம் என்பதே அதன் பொருள். பள்ளிக்கூடத்தின் எல்லையை வரைந்தது பிள்ளையின் அறிவன்று, தோட்டத்தின் தேவை.

இதற்குச் சான்று வேறெங்கும் தேட வேண்டியதில்லை. 1927-ஆம் ஆண்டுக் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின்படி 1929-இல் நிர்ணயிக்கப்பட்ட கூலி விகிதங்களைப் பாருங்கள். தாழ்நிலத் தோட்டங்களில் நாளொன்றுக்கு ஆணுக்கு 50 சதம், பெண்ணுக்கு 40 சதம், பிள்ளைக்கு 30 சதம். ஒரு சட்டம் பிள்ளையைப் பாடசாலைக்கு வா என்கிறது. மற்றொரு சட்டம் அதே பிள்ளைக்கு நாட்கூலி எழுதுகிறது. பிள்ளையைத் தொடர்ந்து படிக்க வைக்க விரும்பிய தாய் நாளொன்றுக்கு 30 சதத்தை இழந்தாள். அவளுடைய சொந்தக் கூலியே 40 சதம். நகரத்து ஆங்கிலப் பாடசாலையில் தவணைக்குத் தவணை கட்டணம் கட்டிய செல்வந்தனைப் பற்றிப் பலரும் எழுதியிருக்கிறார்கள். நாள்தோறும் தன் கூலியில் முக்காற்பங்குக்கு நிகரானதை இழந்து பிள்ளையைப் பெரட்டுக்கு அனுப்பாமல் பாடசாலைக்கு அனுப்பிய தோட்டத்துத் தாயைப் பற்றி யார் எழுதினார்கள்? அவள் கட்டிய கட்டணத்துக்குப் பற்றுச்சீட்டுக்கூட இல்லை.

இனி 1945-க்கு வருவோம். கல்வியமைச்சர் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா அவர்களின் தலைமையில் அமைந்த விசேட குழுவின் அறிக்கை 1943-இல் வெளிவந்தது. அதன் பயனாக 1945 ஒக்டோபர் முதல் பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை கல்வி இலவசமாயிற்று. ஆசிய நாடுகள் வியந்து நோக்கிய செயல் அது. அதுவரை தாய்மொழிப் பாடசாலையில் கட்டணமில்லை, ஆங்கிலப் பாடசாலையில் கட்டணம் உண்டு என்றிருந்த பிரிவு, உத்தியோகத்துக்குப் போகிறவன் யார், மண்வெட்டி பிடிக்கிறவன் யார் என்று பிறப்பிலேயே தீர்த்துவைத்தது. அந்த வேலியை உடைத்த பெருமை கன்னங்கராவுக்கும், அவரோடு நின்றோருக்கும் உரியது. அவர் திறந்த மத்திய மகாவித்தியாலயங்கள் வழியாக எத்தனையோ ஏழைச் சிங்கள, தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் மேலே வந்தனர். இதை நாம் நன்றியோடு சொல்கிறோம்.

ஆனால் இலவசம் என்பது யாரோ ஒருவர் கட்டிவிட்டார் என்பதன் மறுபெயர். யார் கட்டினார்? அந்நாளில் அரசாங்க வருவாயின் பெரும்பகுதி சுங்கத் தீர்வைகளிலிருந்து வந்தது. அவ்வருவாய்க்கு அடிநிலமாக நின்றவை தேயிலை, இறப்பர், தெங்கு என்னும் மூன்று பயிர்கள். 1952-இல் சீனாவோடு செய்துகொண்ட அரிசி–இறப்பர் ஒப்பந்தத்தை நம் மாணவர்கள் பாடப்புத்தகத்தில் படிக்கிறார்கள். நாட்டின் சோற்றுக்கு ஈடாகக் கப்பலேறிய அந்த இறப்பரில் கணிசமான பங்கு கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களின் மரங்களில் வெட்டப்பட்ட பால். விடியுமுன் விளக்கோடு மரத்துக்கு மரம் ஓடி அதை வெட்டியவர் தோட்டத் தொழிலாளர். இலவசக் கல்வியின் செலவில் அவருடைய வியர்வை இருந்தது என்பதை எந்தப் பொருளியலாளரும் மறுக்க மாட்டார்.

அவருடைய பிள்ளைக்கு என்ன கிடைத்தது? ஓர் அறை, ஓர் ஆசிரியர், ஐந்து வகுப்பு. அதற்கு மேல் படிக்கப் பல மைல் நடந்து பட்டினத்துத் தமிழ்ப் பாடசாலைக்குப் போக வேண்டும். சப்பிரகமுவவில் அத்தகைய பாடசாலைகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. 1947-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் தோட்டங்களில் அரசாங்கப் பாடசாலை அமைக்க வழிவகுத்தது. நடைமுறையில் விளைந்தவை மிகச் சில. 1960–61-இல் உதவிநன்கொடைப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோதும் தோட்டப் பாடசாலைகள் தோட்ட நிருவாகத்தின் கையிலேயே விடப்பட்டன. நாடு முழுவதும் கல்வி தேசிய உடைமையாயிற்று. தோட்டத்து வகுப்பறை மட்டும் கம்பெனியின் களஞ்சியத்தைப்போல் கம்பெனிக்கே உரியதாயிருந்தது.

இவ்வளவு காலம் இது எவ்வாறு நீடித்தது? கேட்கும் குரல் பறிக்கப்பட்டிருந்ததால் நீடித்தது. 1948-ஆம் ஆண்டு 18-ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. பாராளுமன்றத்தில் அதை எதிர்த்து நின்றவர்களுள் ருவான்வெல்ல உறுப்பினர் கலாநிதி என். எம். பெரேராவும் ஒருவர். 1930-களின் நடுவில் கேகாலைக் கிராமங்களை மலேரியா வாட்டியபோது மருந்தும் உணவும் கொண்டு ஓடி, 1936-இல் அத்தொகுதியில் வென்றவர் அவர். கிராமத்து ஏழையும் தோட்டத்து ஏழையும் ஒரே வர்க்கம் என்பதைச் சப்பிரகமுவ மண்ணில் நின்று பேசியவர். உண்மையை மறைப்பதற்கில்லை: 1964 ஜூனில் அவரது கட்சி அரசாங்கத்தில் சேர்ந்தது, அதே ஆண்டு ஒக்டோபரில் அதே அரசாங்கம் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு எனத் தலை எண்ணிப் பிரிக்கப்பட்டனர். எந்தப் பங்கில் நாம் விழுவோம் என்று அறியாத குடும்பம் பிள்ளையை எந்த நாட்டுக்கென்று படிக்க வைக்கும்? பாதியில் நின்ற படிப்புகளில் எத்தனையோ அந்த ஆண்டுகளுக்குரியவை. இடதுசாரி இயக்கம் தன் கணக்கேட்டிலும் இந்தப் பற்றை எழுதிக்கொள்ள வேண்டும்.

1972-இலும் 1975-இலும் வந்த நிலச்சீர்திருத்தங்கள் தோட்டங்களை அரசுடைமையாக்கின. 1973–74-இல் உணவுத் தட்டுப்பாடு தோட்டங்களில் உயிர்களைக் கொண்டுபோயிற்று. 1977-இலும், 1981 ஆகஸ்டிலும், 1983 ஜூலையிலும் வன்முறை வந்தது. 1981-இல் இரத்தினபுரி, காவத்தைப் பக்கத்து லயன்கள் தாக்கப்பட்டன. பல குடும்பங்கள் வடக்கே வவுனியாப் பக்கம் போய்க் காடு வெட்டிக் குடியேறின. மலையகத்தின் பிற மாவட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் செறிந்து வாழ்ந்தனர். அவர்களுக்கு வாக்கு மீண்டபோது பலமும் மீண்டது. சப்பிரகமுவவிலோ நம்மவர் சிதறி வாழ்பவர். பாடசாலைக்கொரு கட்டடம் கேட்கவும் பிறர் வாசலில் நிற்க வேண்டியவர். தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கும் பணி 1977-க்குப் பின் படிப்படியாக நடந்தபோதும், சுவீடன் நாட்டு உதவியோடு 1980-களில் கட்டடங்கள் எழுந்தபோதும், சப்பிரகமுவத் தோட்டப் பிள்ளைக்கு உயர்தர வகுப்பு, அதிலும் விஞ்ஞானப் பிரிவு, எட்டாத தொலைவிலேயே இருந்தது.

1907-இலிருந்து எண்ணினால் எழுபது ஆண்டு. முப்பது நாள் கழிந்தால் கட்டணம் திரும்பாது என்பது மாணவருக்கு விதித்த சட்டம். எழுபது ஆண்டு தாமதித்த தரப்புக்கு எந்தச் சட்டம்?

இங்கே ஒரு மறுப்பு எழக்கூடும். தோட்டத்தை அடுத்த சிங்களக் கிராமத்தவர் மட்டும் என்ன பெற்றார்? 1840-ஆம் ஆண்டு முடிக்குரிய காணிச் சட்டத்தால் அவருடைய சேனைக்காடும் மேய்ச்சல்வெளியும் பறிபோகவில்லையா? அவருடைய பிள்ளையும் வெறுங்காலோடு பாடசாலைக்கு நடக்கவில்லையா? உண்மை. அந்தக் கணக்கும் தீரவில்லை. ஆனால் ஒரே கடைக்காரனிடம் இருவர் ஏமாந்தால், ஒருவர் கணக்கை மற்றவர் கணக்கால் தீர்ப்பது முறையாகுமா? இருவரும் சேர்ந்து கடைக்காரனைக் கேட்பதே முறை. தெரணியகலையிலும் எட்டியாந்தோட்டையிலும் கிராமத்துப் பிள்ளையின் பாடசாலையும் தோட்டத்துப் பிள்ளையின் பாடசாலையும் ஒரே பாதையின் இருபுறமும் நிற்கின்றன. இரண்டிலும் கணித ஆசிரியர் பற்றாக்குறை. இரண்டின் பெற்றோரும் ஒரே பேருந்தில் ஒரே தனியார் வகுப்புக்குப் பிள்ளைகளை அனுப்பி, ஒரே கட்டணத்தைக் கட்டுகிறார்கள். இலவசக் கல்வி இருவர் கையிலிருந்தும் மெல்ல மெல்ல நழுவுகிறது.

மீளளிப்பு சிறிதளவு நடந்திருக்கிறது என்பதையும் சொல்லவேண்டும். 1980-இல் இலவசப் பாடநூல் வந்தது. 1984-இல் தோட்டத்து ஆண் பெண் கூலி சமமாயிற்று. 2003-ஆம் ஆண்டுச் சட்டம் எஞ்சிய நாடற்றோருக்குக் குடியுரிமை அளித்தது. தோட்டத்துப் பிள்ளைகளே தோட்டத்துப் பாடசாலைகளில் ஆசிரியராயினர். எழுத்தறியா லயனிலிருந்து ஒரே தலைமுறையில் எழுந்த ஆசிரியர் கூட்டம் அது. 1995-இல் சப்பிரகமுவப் பல்கலைக்கழகம் பெலிஹுல்ஓயாவில், தேயிலை மலைகளின் அடியில், எழுந்தது. ஆனால் கொடுக்கும் கை இன்னும் கணக்குப் பார்த்தே கொடுக்கிறது. 2015-ஆம் ஆண்டை ஒட்டித் தோட்டப் பாடசாலைகளுக்கு உதவி ஆசிரியர்களாக எடுக்கப்பட்ட இளைஞர்களுக்கு முதலில் தரப்பட்டது மாதம் 6,000 ரூபா; பின்னர் 10,000. கலாசாலைப் பயிற்சிக்குப் போகவும் வரவும், விடுதிக்கும் உணவுக்கும் அதிலிருந்தே செலவு. ஆசிரியர் பயிற்சிக்கான கட்டணத்தை வேறு பெயரில் அவர்கள் கட்டினார்கள்.

இப்பொழுது நம் ஆசிரியையின் பற்றுச்சீட்டுக்கு மீள்வோம். பட்டதாரி ஆசிரியர் பதவியில் உயரவேண்டுமாயின் கல்வியியல் டிப்ளோமா வேண்டும். அதற்கப்பால் முதுமாணி வேண்டும். அரசாங்கத்துக்கு வேண்டிய தகுதியை, அரசாங்கப் பாடசாலைப் பிள்ளைக்குப் பயன்படும் தகுதியை, ஆசிரியர் தம் விடுமுறையைத் துறந்து, தம் சம்பளத்திலிருந்து கட்டணம் கட்டிப் பெறுகிறார். பட்டினத்தில் சொந்த வீடுள்ள ஆசிரியருக்கு இது சுமை. தோட்டத்திலிருந்து வந்த ஆசிரியைக்கு இது தாயின் சங்கிலி. தவறிவிட்டால் மீட்டுக்கொள்ள அவருக்கு வேறொன்றும் இல்லை. ஆகவேதான் மீளளிப்பு விதி என்பது அலுவலகத்துச் சிறு விவகாரமன்று என்கிறோம். விழுந்தால் எழ வழியுள்ளவருக்கும் வழியில்லாதவருக்கும் ஒரே விதியை எழுதினால், அது பிந்தியவரை மட்டுமே வடிகட்டும்.

நாம் கேட்பது பெரிதன்று. வகுப்புத் தொடங்குமுன் விலகுவோருக்குப் போதனைக் கட்டணம் முழுவதும் திரும்ப வேண்டும். தொடங்கியபின் விலகுவோருக்கு நடந்த பாடத்துக்கேற்பக் கழித்து எஞ்சியது திரும்ப வேண்டும். வெள்ளம், மண்சரிவு, நோய் ஆகியவற்றால் தடைப்பட்டோர் அடுத்த ஆண்டு மறுகட்டணமின்றித் தொடர இடம் வேண்டும். விதிகள் விண்ணப்பப் படிவத்தின் முதற்பக்கத்தில், தமிழிலும் சிங்களத்திலும், எளிய சொற்களில் இருக்க வேண்டும். தோட்டப் பாடசாலைகளில் பணியாற்றும் ஆசிரியர் பெறும் தொழிற்றகுதிக்கு அரசே கட்டணம் கட்ட வேண்டும். ஆசிரியர் சங்கங்கள் சம்பளத்துக்குக் குரல் கொடுக்கும்போது இதற்கும் கொடுக்க வேண்டும். மாணவத் தோழர்களே, நீங்களும் கட்டணம் கட்டுமுன் மீளளிப்பு விதியைக் கேட்டு எழுத்தில் பெறுங்கள், பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். எழுத்தில் இல்லாத கணக்கால் நம் முன்னோர் பட்டது போதும்.

கடைசியாக ஒன்று. தோட்டத்துப் பிள்ளைக்கு ஒரு பாடசாலை, ஓர் ஆசிரியர், ஒரு பல்கலைக்கழக இடம் கிடைக்கும்போது அதைச் சலுகை என்றும் உதவி என்றும் பேசும் வழக்கம் நம் நாட்டில் உண்டு. நம்மவருள்ளும் சிலர் தலைகுனிந்து அதை அப்படியே ஏற்கின்றனர். ஆசிரியர்களாகிய நாம் நம் வகுப்பறைகளில் இந்தச் சொல்லைத் திருத்த வேண்டும். நூறாண்டுக்கு மேலாக முன்பணம் கட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் நம் முன் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் பெறுவது தருமமன்று. தாமதித்து வந்த மீளளிப்பு. இந்த உண்மையை அறிந்த பிள்ளை கேட்கும்போது அதன் குரல் வேறாக இருக்கும்.

நம் ஆசிரியை மறுபடியும் பணம் சேர்த்து, இரண்டு ஆண்டு கழித்து வேறோர் இடத்தில் அப்படிப்பை முடித்துவிட்டார். பழைய சீட்டை ஏன் இன்னும் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டோம். “அந்தக் காசு இன்னும் வரவேண்டியிருக்கிறதே” என்றார்.